கர்ப்ப காலத்தில் காசநோய் மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசநோய்ப் பிரிவில் மாத்திரை வாங்க வரும் கர்ப்பிணிகளும், கூட வரும் கணவர், அம்மா, மாமியாரும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. சிலர் வாய்விட்டுக் கேட்கிறார்கள். சிலர் யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, நோய் முற்றிய பிறகு திரும்பி வருகிறார்கள். முக்கியமாக அந்த இரண்டாவது வகையினரை நினைத்துத்தான் இதைத் தொகுத்தேன்.

கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு நாள் என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது, எதைச் சொல்லாமல் விடக்கூடாது என்பதற்கு இது உதவும்.

மாசமா இருக்கும்போது டிபி மாத்திரை சாப்பிடலாமா?

சாப்பிடலாம். சாப்பிட்டே ஆக வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் என்று நான்கு மருந்துகள். முதல் 2 மாதம் நான்கும், அடுத்த 4 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டு மட்டும். மொத்தம் 6 மாதம். கர்ப்பிணிகளுக்கும் இதே சிகிச்சையைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கர்ப்பம் என்பதற்காக அளவைக் குறைப்பதில்லை. மற்றவர்களைப் போலவே உடல் எடையைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

ஐசோனியாசிட் 1952-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மற்ற மூன்றும் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருபவை. இத்தனை காலத்தில் எத்தனையோ கர்ப்பிணிகள் இவற்றைச் சாப்பிட்டிருக்கிறார்கள். இந்த மருந்துகளால் பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை.

பிரசவம் முடிஞ்சதும் ஆரம்பிச்சா என்ன? இன்னும் நாலு மாசம்தானே?

மருந்தைப் பற்றிய பயத்தில், நோய் செய்யும் கெடுதலை மறந்துவிடுகிறோம். சிகிச்சை இல்லாத காசநோய் தாயின் நுரையீரலை அரித்துக்கொண்டே போகும். ரத்தசோகை வரும், உடல் மெலியும், உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தை குறைமாதத்தில் பிறப்பது, எடை குறைந்து பிறப்பது, வயிற்றிலேயோ பிறந்த சில நாட்களிலேயோ இறந்துபோவது எல்லாமே சிகிச்சை பெறாத, அல்லது தாமதமாகப் பெற்ற தாய்மார்களிடம் அதிகம்.

இன்னொன்றும் இருக்கிறது. பிரசவத்துக்குத் தள்ளிப்போட்டால், இருமிக்கொண்டிருக்கும் தாயின் மடியில் பிறந்த முதல் நாளே குழந்தையைப் போடுகிறோம். இப்போதே ஆரம்பித்தால் அந்த நாள் வரும்போது பெரும்பாலும் தொற்று பரவாத நிலைக்கு வந்திருப்பீர்கள். மாத்திரை உங்களுக்கு மட்டுமல்ல, பிறக்கப்போகும் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

கர்ப்பம்னு தெரியாமலே ரெண்டு மாசமா மாத்திரை சாப்பிட்டுட்டேன். கலைச்சிடணுமா?

வேண்டாம். மேலே சொன்ன நான்கு மருந்துகளைக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் சாப்பிட்டது கருவைக் கலைக்கக் காரணமே ஆகாது. காசநோய் இருப்பதும் காரணமில்லை. பதறிப்போய் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: மருந்து கொடுக்கும் இடத்தில் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் எடுப்பது வேறு மருந்துத் திட்டமாக இருந்தால் மாற்ற வேண்டி வரலாம். ஊசி மருந்து, சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான மருந்து, ரிஃபாபென்டினும் மாக்ஸிஃப்ளாக்சசினும் அடங்கிய 4 மாதச் சிகிச்சை ஆகியவை அந்த வகை. அதையும் மருத்துவர்தான் மாற்ற வேண்டும். மகப்பேறு மருத்துவரிடமும் தவறாமல் சொல்லுங்கள். காசநோய் மருத்துவருக்குக் கர்ப்பம் தெரியாது, மகப்பேறு மருத்துவருக்குக் காசநோய் தெரியாது என்ற நிலைதான் பெரிய ஆபத்து.

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்றாங்க. வயித்துல குழந்தை இருக்கே?

எடுக்கலாம். கதிர் படுவது நெஞ்சில். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குச் சேர்வது 0.01 மில்லிகிரே அளவுக்கும் கீழே. குழந்தைக்குக் கெடுதல் வரலாம் என்று மருத்துவர்கள் யோசிக்கத் தொடங்குவதே 50 மில்லிகிரேவுக்கு மேல்தான். எக்ஸ்ரேயே எடுக்காவிட்டாலும், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயல்பாக வரும் கதிர்வீச்சு ஒன்பது மாதத்தில் குழந்தைக்கு இதைவிடப் பல மடங்கு சேர்கிறது.

சளிப் பரிசோதனையால் குழந்தைக்கு எதுவும் ஆகாது. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையும், ரத்தத்தில் பார்க்கும் சோதனையும் அப்படித்தான். சளியில் மரபணு முறையில் செய்யும் சோதனை, ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். கர்ப்பிணிக்கு அந்தத் தகவல் மிக முக்கியம். ஏன் என்பது எம்டிஆர் (முக்கிய மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்) பற்றிய கேள்வியில் வருகிறது.

எனக்கு எடை குறையவே இல்லையே, அப்புறம் எப்படி டிபின்னு சொல்றாங்க?

கர்ப்பம் எடைக்குறைவை மறைத்துவிடும். ஏற வேண்டிய எடை ஏறாமல் நின்றாலே அது குறைந்ததற்குச் சமம். களைப்பு, மூச்சு வாங்குவது, இரவில் வியர்ப்பது எல்லாம் கர்ப்பத்தில் சகஜம் என்று எல்லோருமே விட்டுவிடுகிறார்கள், மருத்துவர்கள் உட்பட. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி என்று எது இருந்தாலும் நீங்களே கேட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய சில மாதங்களில் காசநோய் வெளிப்படுவது கர்ப்ப காலத்தைவிட அதிகம். அதனால் இந்தக் கவனம் குழந்தை பிறந்த பிறகும் தேவை.

கழுத்துக் கட்டியிலதான் டிபி, நுரையீரல்ல இல்ல. அதுக்கும் இப்பவே மருந்து வேணுமா?

வேண்டும். நிணநீர்க் கட்டியோடு நிற்கும் காசநோய் கர்ப்பத்தை அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அது அங்கேயே நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அந்த நாலு மாத்திரையில எது குழந்தைக்குக் கெடுதல்?

நான்குமே நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும். போவதாலேயே கெடுதல் என்று ஆகிவிடாது. எத்தாம்பியூட்டால் பெரியவர்களுக்குக் கண் நரம்பைப் பாதிக்கலாம் என்பதால் குழந்தையின் கண்ணை நினைத்துப் பயப்படுகிறார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அப்படி ஆனதாகத் தெரியவில்லை. உங்களுக்குப் பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாமல் போனாலோ உடனே சொல்லுங்கள். ஐசோனியாசிட்டுக்கு பி6 துணை தேவை. ரிஃபாம்பிசின், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் எடுக்கும்போது ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கேயைக் குறைக்கலாம். அதற்கான தீர்வு பிரசவம் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பது பைராசினமைடு விஷயத்தில்தான். அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

ஒரு டாக்டர் ஆறு மாசம்கிறார், இன்னொருத்தர் ஒன்பது மாசம்கிறார். யாரை நம்புறது?

இருவரும் தவறாகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கும் பைராசினமைடு கொடுக்கலாம் என்கிறது. பல நாடுகள் அப்படியே செய்கின்றன. அமெரிக்காவில், கர்ப்பிணிகளிடம் அதைப் பற்றிய ஆய்வுத் தகவல் போதவில்லை என்று பல காலமாகத் தயங்கிவந்தார்கள். கெடுதல் செய்ததாகக் கண்டுபிடித்ததால் வந்த தயக்கம் இல்லை அது. பைராசினமைடை விட்டால் மற்ற மூன்றையும் 2 மாதமும், பிறகு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசினை 7 மாதமும் எடுக்க வேண்டும். அதுதான் அந்த ஒன்பது மாதக் கணக்கு.

நோய் கடுமையாக இருந்தாலோ எச்ஐவியும் சேர்ந்திருந்தாலோ பைராசினமைடோடு கூடிய சிகிச்சையின் பலன் இன்னும் தெளிவானது. மூன்று மருந்தோடு ஆரம்பித்துவிட்டு ஆறாவது மாதத்தில் 'முடிந்தது' என்று நிறுத்துவது மட்டும் நடக்கவே கூடாது. உங்கள் அட்டையில் எத்தனை மருந்து, எத்தனை மாதம் என்று எழுதியிருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த மருந்தைத் தொடவே கூடாது?

ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. காசநோயைக் குணப்படுத்திய முதல் மருந்து அது, ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் காது நரம்பைத் தாக்குகிறது. பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வயிற்றில் இருக்கையில் இந்த மருந்து சேர்ந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குக் காதிலோ உடல் சமநிலையிலோ பாதிப்பு இருந்தது. சிலருக்கு லேசாக, சிலருக்கு நிரந்தரக் காதுகேளாமையாக. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் இது நடக்கலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த அமிகாசின், கனமைசினையும், அதே மாதிரி வேலை செய்யும் கேப்ரியோமைசினையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கிறார்கள்.

எத்தியோனமைடு, புரோத்தியோனமைடு இரண்டையும் தவிர்ப்பதே வழக்கம். விலங்குச் சோதனைகளில் கருவைப் பாதித்தது ஒரு காரணம். மசக்கை வாந்தியை இரண்டு மடங்காக்கிவிடும் என்பது இன்னொன்று.

காலையில மாத்திரை போட்டதும் வாந்தி. இது மசக்கையா, மருந்தா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். காரணம், மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒரே மாதிரி வாந்தியாக வரும். ஒன்று மசக்கை: பெரும்பாலும் முதல் மூன்று நான்கு மாதங்களில், மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே இருந்திருக்கும். இரண்டாவது, மருந்து வயிற்றைப் புரட்டுவது: மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்து அடங்கிவிடும். மூன்றாவது, கல்லீரல் பாதிப்பு. இதுதான் தவறவிடக் கூடாதது.

ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டிய மாதங்களிலும் ஐசோனியாசிட்டால் வரும் கல்லீரல் பாதிப்பு கூடலாம். பசி சுத்தமாக அற்றுப்போவது, நாள் முழுக்கக் குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி, சிறுநீர் கரும்பழுப்பாகப் போவது, கண் மஞ்சளாவது என்று எது தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். 'மசக்கைதான்' என்று யாராவது சொன்னாலும் ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஏஎல்டி என்ற அளவு, தொந்தரவு இருக்கும்போது இயல்பைப் போல 3 மடங்குக்கு மேல் போனாலோ, தொந்தரவே இல்லாமல் 5 மடங்குக்கு மேல் போனாலோ மருந்துகளை நிறுத்திவைத்து, சரியானதும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார்கள். கர்ப்பிணிகளுக்கு ஆரம்பத்திலேயே ஒரு கல்லீரல் பரிசோதனை செய்துவைத்தால் ஒப்பிட வசதி.

முதல் இரண்டு வகை வாந்திக்கு வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் மருந்து நன்றாகச் சேரும் என்றாலும், வாந்தியில் வெளியே போவதைவிட லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போடுவது மேல். படுக்கும் நேரத்துக்கு மாற்றினால் சிலருக்குச் சரியாகிவிடுகிறது. மசக்கைக்குத் தரும் டாக்ஸிலமின், பி6 கலந்த மாத்திரையைச் சேர்த்து எடுக்கலாம். மாத்திரை போட்டவுடனேயே வாந்தி எடுத்துவிட்டால் நீங்களாக இன்னொரு வேளை போடாமல் மருந்து கொடுக்கும் இடத்தில் கேளுங்கள்.

எட்டாவது மாசம், உள்ளங்கை உள்ளங்காலெல்லாம் அரிக்குது. மாத்திரை ஒத்துக்கலையா?

மருந்தாகவும் இருக்கலாம். கடைசி மூன்று மாதங்களில் கர்ப்பத்தாலேயே பித்தநீர் தேங்கி வரும் அரிப்பாகவும் இருக்கலாம். அது உள்ளங்கையிலும் பாதத்திலும் இரவில் கூடுதலாக இருக்கும், தோலில் தடிப்பு இருக்காது, குழந்தையையும் பாதிக்கக்கூடியது. கல்லீரல் பரிசோதனையும் பித்த அமிலப் பரிசோதனையும் செய்தால்தான் தெரியும். பார்த்துச் சொல்ல முடியாது. தோலில் தடிப்போடு காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அது மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பி6 சத்து மாத்திரைதானே, தீர்ந்துபோனா விட்டுடலாமா?

விட வேண்டாம். ஐசோனியாசிட் உடம்பிலிருக்கும் பி6 வைட்டமினைக் குறைக்கிறது. குழந்தைக்காகக் கர்ப்பிணியின் தேவை ஏற்கெனவே கூடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கை கால் மரத்துப்போதல், எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும். பி6 என்பது பைரிடாக்சின். நாளொன்றுக்கு 10 முதல் 25 மில்லிகிராம், சில இடங்களில் 50 வரை தருகிறார்கள். பாலூட்டும் காலத்திலும் தொடர வேண்டும்.

இரும்புச் சத்து, கால்சியம் எல்லாம் சேர்த்து ஒரே வேளையில போட்டுடலாமா?

நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் அலுமினியம் கலந்த ஆன்டாசிட், ஐசோனியாசிட் உடலில் சேர்வதைக் குறைக்கும். லீவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: இரும்பு, கால்சியம், ஆன்டாசிட் மூன்றுமே அந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மருந்து வீணாகும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் காசநோய் மருந்து, மதியம் கால்சியம், இரவு இரும்பு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சிறுநீர் ஆரஞ்சு நிறமா போகுது!

ரிஃபாம்பிசின் நிறம் அது. வியர்வை, கண்ணீர், சில நேரம் தாய்ப்பாலும்கூட நிறம் மாறலாம். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் கூடி, பிறகு குறையும். பயப்பட வேண்டாம். நிறம் அடர் பழுப்பாகி நாள் முழுக்க அப்படியே இருந்தால், கல்லீரல் பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள்.

பிபி மாத்திரை போட்டும் பிபி குறையல. யூரிக் ஆசிட் வேற அதிகம்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ரெண்டுக்கும் டிபி மருந்துக்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். ரிஃபாம்பிசின், மற்ற மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலின் வேலையை வேகப்படுத்துகிறது. கர்ப்பத்தில் ரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபினின் அளவு ரத்தத்தில் மிகவும் குறைந்துபோகும். தைராய்டு மாத்திரை, ஸ்டீராய்டு போன்றவற்றின் பலனும் குறையலாம். அதனால் எந்தப் புது மருந்து எழுதும்போதும் 'ரிஃபாம்பிசின் எடுக்கிறேன்' என்று சொல்லுங்கள். டிபி மாத்திரை என்று பொதுவாகச் சொல்வதைவிட மருந்தின் பெயரைச் சொல்வது நல்லது.

யூரிக் அமிலம் வேறு கதை. பைராசினமைடு எடுக்கும் கிட்டத்தட்ட எல்லோருக்குமே அது கூடும், மூட்டு வலியும் வரலாம். கர்ப்பகால ரத்த அழுத்த நோயான பிரீஎக்ளாம்சியாவிலும் யூரிக் அமிலம் கூடும். அதனால் முதல் இரண்டு மாதத்தில் வந்த அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் வீக்கம் இருந்தால் மருந்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடவே கூடாது.

எச்ஐவி மருந்தும் எடுக்கிறேன். ரெண்டும் சேர்ந்தா குழந்தை தாங்குமா?

இரண்டும் தேவை, இரண்டையும் சேர்த்து எடுக்க முடியும். மேலே சொன்ன அதே ரிஃபாம்பிசின் பிரச்சினை இங்கேயும் உண்டு. டொலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்கு வழக்கமான ஒரு வேளைக்குப் பதிலாக 50 மில்லிகிராமை நாளுக்கு இரண்டு வேளை தருகிறார்கள். அந்த இரண்டாவது வேளையை எழுத மறந்துவிட்டால் வைரஸ் அடங்காது, குழந்தைக்கு எச்ஐவி போகும் ஆபத்தும் கூடும். உங்கள் மருந்துச் சீட்டில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

எம்டிஆர் டிபின்னு சொல்லிட்டாங்க. இனி குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணிடணுமா?

அப்படி இல்லை. ஐசோனியாசிட்டுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் கட்டுப்படாத காசநோய்தான் எம்டிஆர். சிகிச்சை கடினம், ஆனால் மருந்து எடுத்துக்கொண்டே நல்லபடியாகக் குழந்தை பெற்றவர்கள் நிறையப் பேர். பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் அடங்கிய 6 மாதச் சிகிச்சை இன்று பலருக்குத் தரப்படுகிறது. கர்ப்பிணிகளிடம் பிரிட்டோமனிட் பாதுகாப்பானதா என்ற தகவல் போதாததால் அதை இவர்களுக்குத் தருவதில்லை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம், 9 மாத வாய்வழிச் சிகிச்சையில் எத்தியோனமைடுக்குப் பதில் லினசோலிட் வைத்துக் கர்ப்பிணிகளுக்கும் தரலாம் என்றது. பிரிட்டோமனிட் இடத்தில் டெலமானிட் உள்ள 6 மாதத் திட்டமும் பின்னர் வந்திருக்கிறது. நோய் தீவிரமில்லாத சிலருக்கு, முதல் மூன்று மாதம் தாண்டும்வரை காத்திருந்து ஆரம்பிப்பதும் உண்டு. அதை நிபுணர் குழுதான் முடிவு செய்யும்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், பெடாகுவிலின் எடுத்த தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது கூடுதலாக இருந்தது. ஆனால் ஒரு வயதில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாக வளர்ந்திருந்தன. எம்டிஆருக்குத் தரும் இன்னொரு மருந்தான குளோஃபாசிமின் எடுத்தால் குழந்தையின் தோல் கருத்துப் பிறக்கலாம். அது மெல்ல மாறிவிடும்.

இந்த மருந்துகளில் இருப்பவர்கள் இரண்டு விஷயத்தை மறக்காமல் சொல்ல வேண்டும். வாந்திக்கு ஒன்டான்செட்ரான் கொடுத்தால்: பெடாகுவிலின், மாக்ஸிஃப்ளாக்சசின், குளோஃபாசிமினோடு சேர்ந்து அது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கலாம், இசிஜி பார்க்காமல் தரக்கூடாது. பிரசவ வலிக்குப் பெத்திடின் கொடுத்தால்: லினசோலிட் எடுப்பவர்களுக்கு அது ஆபத்து, வேறு வலி மருந்துதான் தர வேண்டும். நள்ளிரவில் பிரசவ அறையில் இருப்பவருக்கு இது தெரியாமல் போகலாம். கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதி வாங்கி வையுங்கள்.

டிபி இருந்தா ஆபரேஷன்தான் பண்ணுவாங்களா?

இல்லை. அறுவை சிகிச்சை முடிவு மகப்பேறு காரணங்களுக்காக மட்டுமே. தொற்று இன்னும் இருக்கும் நிலையில் பிரசவம் நடந்தால் உங்களுக்கு முகக்கவசம், காற்றோட்டமான தனி அறை, பணியாளர்களுக்கு என்95 கவசம் தேவைப்படும். மருந்துக்குக் கட்டுப்படும் நோயில், ஒழுங்காக மாத்திரை எடுத்து இரண்டு வாரம் போல ஆகிவிட்டால் தொற்று பெரும்பாலும் வெகுவாகக் குறைந்துவிடும்.

குழந்தை பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போடச் சொல்லுங்கள். ரிஃபாம்பிசினால் ரத்தக்கசிவு வராமல் தடுப்பது அதுதான். நோய் பரவியிருந்தாலோ பிரசவத்துக்குச் சற்று முன்புதான் கண்டுபிடித்திருந்தாலோ நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு அனுப்பினால் அடுத்த கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

வயித்துலயே குழந்தைக்கு டிபி வந்துடுமா?

மிக அரிது. கிருமி தாயின் ரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடிவரை போனால், தொப்புள்கொடி வழியாகக் குழந்தையின் கல்லீரலை அடையலாம். அல்லது கிருமியுள்ள பனிக்குட நீரைக் குழந்தை விழுங்கலாம். சிகிச்சை பெறாத, உடலெங்கும் பரவிய காசநோயில்தான் இதற்கு வாய்ப்பு அதிகம். பிறந்த முதல் வாரங்களில் பால் குடிக்காமை, மூச்சுத்திணறல், காய்ச்சல், வயிறு வீக்கம், எடை ஏறாமை இருந்தால் தாயின் நோயை உடனே நினைவுபடுத்துங்கள். குழந்தைக்குக் காசநோய் வருவதென்றால் பெரும்பாலும் பிறந்த பிறகு, காற்று வழியாகத்தான். வீட்டில் வேறு யாருக்காவது இருமல் இருந்தால் பிரசவத்துக்கு முன்பே அவர்களையும் பரிசோதித்துவிடுங்கள்.

பால் கொடுக்கலாமா? கொடுக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க.

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். முதலில் சொன்ன அந்த நான்கு மருந்துகளும் பாலில் மிகக் குறைவாகவே போகின்றன. குழந்தைக்குக் கெடுதல் செய்யாத அளவு அது. அதே காரணத்தால் குழந்தையின் நோயைக் குணப்படுத்தவோ தடுக்கவோ அது போதாது. நோய் பரவுவது இருமல் வழியாக. அதனால் தொற்று இருக்கும் நாட்களில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக் கொடுங்கள். மார்பிலேயே காசநோய்ப் புண் இருந்தால் அந்தப் பக்கம் தவிர்க்க வேண்டும்.

எம்டிஆர் நோயில் மட்டும் இந்தப் பதில் அப்படியே பொருந்தாது. பெடாகுவிலின் பாலில் நிறையச் சேர்கிறது. தாய்க்குத் தொற்று நீங்க அதிக நாளாகும் என்பதால் சில நாட்கள் குழந்தையைத் தனியாக வைக்கவும் சொல்லலாம். மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நல்லா இருக்கிற குழந்தைக்கு ஏன் ஆறு மாசம் மருந்து? பிசிஜி போட்டா போதாதா?

தாய்க்குத் தொற்று இருந்த நிலையில் பிறந்த குழந்தைக்கு முதலில் நோய் இல்லை என்று உறுதி செய்வார்கள். பிறகு ஐசோனியாசிட், எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் 6 மாதம், கூடவே பி6. பச்சைக் குழந்தைக்குக் கிருமி போனால் மூளைக்காய்ச்சலாக மாறும் வேகம் பெரியவர்களைவிட மிக அதிகம். அதனால்தான் இத்தனை எச்சரிக்கை. பிசிஜி என்பது உயிருள்ள, பலமிழந்த கிருமி. ஐசோனியாசிட் அதையும் கொன்றுவிடும் என்பதால் மருந்து முடிந்த பிறகு பிசிஜி போடச் சொல்வது உலக சுகாதார நிறுவனத்தின் வழி. உங்கள் நாட்டில் நடைமுறை வேறாக இருக்கலாம். மருந்து, தடுப்பூசி இரண்டில் எதையும் தவறவிடாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவருக்கு டிபி, எனக்கு நோய் இல்லை. ஆனா கிருமி இருக்குன்னு தடுப்பு மருந்து தர்றாங்க. கர்ப்பத்துல அது அவசியமா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. உள்ளே உறங்கும் கிருமியால் இப்போதைக்குக் குழந்தைக்குக் கெடுதல் இல்லை, எனவே கொஞ்சம் காத்திருக்க இடமுண்டு. எச்ஐவி உள்ள கர்ப்பிணிகள் 956 பேரிடம் எட்டு நாடுகளில் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. கர்ப்பத்திலேயே ஐசோனியாசிட் தடுப்பு மருந்து எடுத்தவர்களில் 23.6 சதவீதத்தினருக்குக் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடைக்குறைவு போன்ற ஏதோவொன்று நேர்ந்தது. பிரசவத்துக்குப் பின் தொடங்கக் காத்திருந்தவர்களில் அது 17 சதவீதம். வேறு சில ஆய்வுகளில் இந்த வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் மருத்துவர்கள் ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். வீட்டில் தொற்றுள்ளவரோடு சமீபத்தில் நெருங்கி இருந்தவருக்கும், எச்ஐவி உள்ளவருக்கும் நோய் வெளிப்படும் ஆபத்து அதிகம். அவர்களுக்கு இப்போதே தருவது நியாயமாகலாம். மற்றவர்களுக்குப் பிரசவமாகி இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்கலாம். வாரம் ஒரு முறை எடுக்கும் ரிஃபாபென்டின் தடுப்பு முறை கர்ப்பத்தில் பரிந்துரைக்கப்படுவதில்லை. இந்தப் பதிலைப் படித்துவிட்டு நோய்க்கான சிகிச்சையையும் தள்ளிப்போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது முற்றிலும் வேறு விஷயம். இரண்டாவது கேள்வியின் பதிலை மறுபடி படியுங்கள்.

பிரசவம், குழந்தை, தூக்கமில்லை. நடுவுல மாத்திரை விட்டுப்போச்சு. இப்ப என்ன செய்ய?

உடனே போய்ச் சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்து தள்ளிப்போடுபவர்கள்தான் பிறகு அதிகம் கஷ்டப்படுகிறார்கள். ஓரிரு நாள் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இரட்டிப்பாகப் போட வேண்டாம். முதல் இரண்டு மாதக் கட்டத்தில் 14 நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். பிந்தைய கட்டத்தில் எத்தனை வேளை முடித்திருக்கிறீர்கள், எத்தனை நாள் இடைவெளி என்பதைப் பார்த்து முடிவாகும். பிரசவத்துக்குப் போகும்போது மருத்துவமனைப் பையிலேயே ஒரு மாத மாத்திரையை எடுத்துவைப்பது இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கும். வீட்டில் இருப்பவர்களும் குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டு, 'மாத்திரை போட்டாயா' என்று கேட்க வேண்டும்.

மருந்து முடியும்வரை அடுத்த குழந்தை வேண்டாம்னு கருத்தடை மாத்திரை சாப்பிடுறேன். போதும்தானே?

போதாது. ரத்த அழுத்த மாத்திரைக்கு ரிஃபாம்பிசின் செய்வதையே கருத்தடை மாத்திரைக்கும் செய்கிறது. இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை, ஒற்றை ஹார்மோன் மாத்திரை, கையில் வைக்கும் இம்ப்ளான்ட் மூன்றையுமே நம்ப முடியாது. ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் சுமார் 4 வாரம் இந்த விளைவு நீடிக்கும். காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி, ஆணுறை ஆகியவற்றை ரிஃபாம்பிசின் கெடுப்பதில்லை. பிரசவம் முடிந்த கையோடு மகப்பேறு மருத்துவர் பழக்கத்தில் மாத்திரையை எழுதிவிடலாம், ஆகவே அங்கேயும் மருந்தின் பெயரை நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்.